வெள்ளைச் சட்டையில் விடைபெற்ற நாள்

ஐந்தாம் படிவத் தேர்வு முடிகிற நாளில் சிலிம் ரிவர் பட்டணத்துப் பக்கம் போயிருக்கிறீர்களா? வெள்ளைச் சட்டை முழுக்க நீலமும் சிவப்பும் பச்சையுமாகக் கிறுக்கிக்கொண்டு, கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வருவார்கள். "நல்ல சட்டையை இப்படிப் பாழாக்குகிறார்களே, பெற்றவர்கள் பாடுபட்டு வாங்கிக் கொடுத்தது அல்லவா!" என்று கடைவாசலில் நிற்கும் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

நானும் அவர்கள் பக்கம்தான் பேசவேண்டும். ஆனால் பேச முடிவதில்லை. என் வீட்டு இரும்புப் பெட்டியின் அடியில் அப்படிப்பட்ட சட்டை ஒன்று இன்னும் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டுச் சட்டை. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பிரட்டு மணியும் பள்ளி பஸ்ஸும்

சிலிம் ரிவரிலிருந்து சில கல் தொலைவில் இருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. விடியற்காலை பிரட்டு மணி அடிக்கும்போது அம்மாவும் அப்பாவும் எழுவார்கள். அந்த மணிதான் எங்களுக்கும் பள்ளிக்கூட மணி. லயத்து வாசலில் இருட்டு விலகுமுன் குளித்து, முதல்நாள் சோற்றையோ ரொட்டியையோ சாப்பிட்டுவிட்டு, செம்மண் சாலை முனைக்கு வந்து நின்றால் பஸ் வரும். மழைக்காலத்தில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து, பஸ் ஏறும் இடத்தில் காலைக் கழுவி மாட்டிக்கொண்ட நாள்கள் எத்தனையோ!

பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் ஏறுவார்கள். குளுனி, கெலாப்பா பாலி என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி. பத்துப் பிள்ளைகளுக்குமேல் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்தவேண்டும் என்ற 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் முளைக்க வைத்த பள்ளிகள் நம் நாட்டில் ஏராளம். 1957-ல் நாடு சுதந்திரம் பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று 500-க்குச் சற்றுக் கூடுதலாக இருக்கின்றன.

தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் பட்டணத்து இடைநிலைப்பள்ளிதான். அங்கே எல்லாப் பாடமும் மலாயில். அதற்குப் பழகிக்கொள்ள நம் பிள்ளைகள் அப்போது ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்காரவேண்டியிருந்தது. மலாய்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் நேராக முதலாம் படிவத்துக்குப் போக, நாங்களும் சீனப்பள்ளிப் பிள்ளைகளும் ஒரு வருடம் பின்னால் நடந்து போனோம். ஒரே வகுப்பில் இருந்தாலும் எங்களுக்கு ஒரு வயது கூட! "தாத்தா" என்று மலாய் நண்பர்கள் எங்களைக் கேலி செய்வார்கள்.

ஏறியவர்களும் இறங்கியவர்களும்

எங்கள் தோட்டத்துப் பள்ளியில் 1978-ல் ஆறாம் வகுப்பு முடித்தவர்கள் பத்தொன்பது பேர். ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். எழுத உட்கார்ந்தவர்கள் ஆறு பேர்.

நடுவில் என்ன நடந்தது? யாரும் யாரையும் துரத்தவில்லை. 1964-ல் இடைநிலைப்பள்ளிக்கான நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்ட பிறகு, ஆறாம் வகுப்புக்குமேல் போகும் கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருந்தது. ஆனால் மூன்றாம் படிவத்தில் எஸ்.ஆர்.பி. தேர்வு இருந்தது. பழைய எல்.சி.இ. தேர்வுக்குப் பதிலாக 1978-ல் வந்தது அது. அதில் தவறியவர்கள் அங்கேயே இறங்கிவிட்டார்கள். அதற்கு முன்பே சிலர் இறங்கினார்கள். பஸ் காசு, தேர்வுக் கட்டணம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், அப்பாவின் குடி, அம்மாவின் நோய் - காரணமா இல்லை?

அப்படி இறங்கியவர்களில் ஒருவன் என் பக்கத்து லயத்து நண்பன். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வான். எஸ்.ஆர்.பி.யில் தேறியும் அவன் நான்காம் படிவத்துக்கு வரவில்லை. அவன் அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார். அவனுக்குக் கீழே நான்கு பேர். 1983 ஜனவரியில் நான் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அவன் பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு நிறைக்குப் போனான்.

வண்ணத் தாள் புத்தகம்

ஐந்தாம் படிவத்துக் கடைசி மாதங்களில் படிப்பைவிட மும்முரமாக நடந்தது ஆட்டோகிராப் எழுதும் வேலை. ரோஜா, மஞ்சள், இளநீலம் என்று வண்ணத் தாள் வைத்த சின்னப் புத்தகம். மேசைக்கு மேசை அது பறக்கும். எழுதிய பக்கத்தின் மூலையை மடித்து, "திறக்காதே!" என்று மேலே எழுதுவார்கள். திறந்தால் உள்ளே, "சொன்னால் கேட்கமாட்டாயா, குரங்கே!" என்றிருக்கும்.

இந்தப் பழக்கம் நம் ஊர்ப் பிள்ளைகள் கண்டுபிடித்ததல்ல. ஜெர்மனி நாட்டு விட்டன்பர்க் பல்கலைக்கழக மாணவர்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஏட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்கள். 2004-ல் சேரன் 'ஆட்டோகிராப்' என்று படம் எடுத்தபோது நம்மில் எத்தனை பேர் வீட்டுக்கு வந்து பழைய பெட்டியைக் குடைந்தோம், நினைவிருக்கிறதா?

என் புத்தகத்திலிருந்து சில பக்கங்களைப் புரட்டுகிறேன்.

எங்கள் சரித்திர ஆசிரியர் ஊர்ப் பெருமை பேசும்போதெல்லாம் 1942 ஜனவரி 7-ஆம் தேதியைச் சொல்லுவார். அன்று விடியுமுன் துரோலாக் பக்கம் புகுந்த ஜப்பானிய டாங்கிகள், முற்பகலுக்குள் பிரிட்டிஷ் படையைப் பிளந்துகொண்டு சிலிம் ஆற்றுப் பாலத்தையே பிடித்துவிட்டன. இதை மனத்தில் வைத்து ஒருவன் எழுதினான்: "ஜப்பான்காரன் ஒரே காலையில் சிலிம் ரிவரைத் தாண்டிவிட்டான். நீ ஐந்து வருடமாகியும் கணக்குப் பாடத்தைத் தாண்டவில்லை. வாழ்க நின் பொறுமை!"

இன்னொருவன் எழுதியது: "நண்பா, நீ டாக்டரானால் எனக்கு ஊசி போடாதே. போலீஸ் ஆனால் என் மோட்டார் சைக்கிளை நிறுத்தாதே. பெரிய கிராணியானால் எனக்கு அரைப்பேர் போடாதே!" தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கடைசி வரியின் சுவை தெரியும். அரைப்பேர் விழுந்தால் அரைநாள் சம்பளம் அல்லவா போய்விடும்!

தோட்டத்து மாணவி ஒருத்தி எழுதினாள்: "என் கல்யாணத்துக்கு வந்தால் மொய் எழுது. எழுதாவிட்டால் ஒரு பந்தியோடு எழுந்துவிடு."

பெண்பிள்ளைகள் எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் "அன்புச் சகோதரருக்கு" என்றுதான் தொடங்குவார்கள். அந்தக் காலத்து மரியாதை அது! ஒரே ஒருவனுடைய புத்தகத்தில் மட்டும், ஒரே ஒருத்தியின் பக்கத்தில், அந்தச் 'சகோதரர்' விடுபட்டிருந்தார். அவன் அந்தப் பக்கத்தை எங்கள் யாருக்கும் காட்டவில்லை. அவர்கள் இருவரும் இன்று பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள்!

மலாய் நண்பர்கள் பந்துன் எழுதினார்கள். நான்கே வரி. முதல் இரண்டு வரியில் மரம், மழை, ஆறு என்று ஏதாவது காட்சி வரும். பின்னிரண்டு வரியில்தான் சொல்ல வந்த செய்தி. ஒன்றும் மூன்றும் ஓசையால் சேரும். இரண்டும் நான்கும் சேரும். காதலுக்கும் கல்யாணத்துக்கும் கேலிக்கும் பிரிவுக்கும் அவர்களிடம் பந்துன் உண்டு. 2020-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலப் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. என் பக்கத்து இருக்கை மலாய் நண்பன் எனக்கு ஒன்று எழுத, நானும் விடாமல் தமிழில் ஒன்று எழுதிப் படித்துக்காட்டினேன்:

மாமரத்தில் குயில் அமரும்,
மழைக்காற்றில் கிளை ஆடும்;
நாம் பிரிந்தால் துயர் வளரும்,
நான் தரவேண்டிய காசோ ஓடும்!

பொருளைக் கேட்டதும் அவன் என் சட்டைப் பையில் கைவிட்டு இருபது காசை எடுத்துக்கொண்டான். சீன நண்பன் தன் பெயரைச் சீனத்தில் எழுதி, கீழே எங்களிடம் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வாக்கியத்தைக் கோணல் எழுத்தில் வரைந்தான்: "சாப்பிட்டாச்சா?"

தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் எங்கள் வகுப்பில் சிலர்தான். பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்பது விதி. அந்தப் பதினைந்தைச் சேர்க்க எங்கள் தமிழாசிரியர் லயம் லயமாக ஏறி இறங்கியதை நான் கண்ணால் பார்த்தவன். அவர் என் புத்தகத்தில் நகைச்சுவை எதுவும் எழுதவில்லை. "வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது தமிழில் எழுது" என்று மட்டும் எழுதினார்.

இரவல் புத்தகமும் பிரிவு விருந்தும்

தேர்வு நெருங்கும் வேளையில் வகுப்பறையிலேயே பிரிவு விருந்து. ஆளுக்கு இரண்டு வெள்ளி வசூல். கொடுக்க முடியாதவர்களுக்குப் பதில் யார் கொடுத்தார்கள் என்பது வகுப்புத் தலைவனுக்கு மட்டும் தெரியும். அவன் கடைசிவரை சொல்லவில்லை. மீ கோரெங், கறிபாப், வாளி நிறையச் சிராப் தண்ணீர். ஆசிரியர்களைப் போல நடித்துக்காட்டும் போட்டியும் உண்டு. தன்னைப் போல நடித்தவனுக்கே முதல் கைதட்டல் கொடுத்தார் எங்கள் தலைமையாசிரியர். அப்பப்பா, அன்று சிரித்த சிரிப்பு!

பாடப் புத்தகங்களை ஒப்படைக்கும் நாள்தான் எங்கள் மனத்தை முதலில் தொட்டது. 1975-ல் அரசாங்கம் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டம் இல்லையென்றால், எங்களில் பாதிப் பேர் புத்தகத்தையே பார்த்திருக்க மாட்டோம். அட்டையின் உட்புறத்தில் அந்தப் புத்தகத்தை நமக்கு முன் வைத்திருந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் என் பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தபோதுதான், பள்ளிக்கூடம் நமக்காக நிற்காது, அடுத்த பிள்ளைக்காகக் காத்திருக்கிறது என்பது புரிந்தது.

சாலை முனையில் நின்றவன்

கடைசித் தாள் எழுதி முடித்த அன்றுதான் சட்டை எழுத்து. யார் தொடங்கினார்களோ தெரியாது. ஐந்து நிமிடத்தில் முதுகு, கை, காலர் எங்கும் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே 'படிவம் 5, 1984' என்று எழுதுவது வழக்கம்.

பஸ்ஸிலிருந்து தோட்டத்துச் சாலை முனையில் இறங்கியபோது அவன் வந்துகொண்டிருந்தான். பால் ஸ்டோரில் நிறுத்துவிட்டு, காலி வாளிகளைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு திரும்பும் நேரம். என்னைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தினான்.

"என்னடா இது, கோழி கிண்டின மாதிரி?" என்று சிரித்தான். நான் விவரம் சொன்னேன். அவன் என்னைச் சுற்றி வந்து ஒவ்வொரு பெயராகப் படித்தான். தெரிந்த பெயர்களுக்கு நின்றான்.

"எனக்கு இடம் இருக்கா?"

பேனாவை நீட்டினேன். கையைக் கால்சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். பால் வெட்டுகிறவன் கை எத்தனை துடைத்தாலும் பிசுபிசுப்பு போகுமா? "சட்டை அழுக்காயிடும்டா" என்று தயங்கினான். "இதற்குமேல் அழுக்காக என்ன இருக்கிறது?" என்றேன். ஓர் ஓரத்தில், சட்டையின் கீழ் மடிப்புக்குப் பக்கத்தில், இடது கைவிரலால் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுதினான்.

வீட்டுக்கு வந்துதான் படித்துப் பார்த்தேன். "துரையாக வந்தால் என்னை மறந்துவிடாதே. வராவிட்டாலும் மறந்துவிடாதே" என்று எழுதி, பெயர் போட்டு, கீழே 'படிவம் 3, 1982' என்று எழுதியிருந்தான்.

போகாத கறை

அம்மாவுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? அந்தச் சட்டை அடுத்த வருடம் தம்பிக்குப் போகவேண்டியது. "உனக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சிடுச்சு. அவனுக்கு முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் இல்லை. விளையாட்டில் அதை நான் நினைக்கவே இல்லை.

மறுநாள் குழாயடியில் சவுக்காரம் போட்டு அம்மா தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பேனா மை கொஞ்சம் மங்கியது. கீழ் மடிப்புக்கு வந்ததும் கை நின்றது. விரல் பதிந்த இடத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு கறை.

"இது மை இல்லையேடா. பால் கறை. யார் கை பட்டது?"

சொன்னேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் இருபது வருடமாகத் தம் சீலையிலும் சட்டையிலும் பார்த்த கறை அது. எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது என்று தெரியும். சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, "இத எடுத்து வை. தம்பிக்குக் கடையில் கடன் சொல்லி வேற வாங்கிக்கலாம்" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். அந்தக் கடனை அடைக்க அந்த விடுமுறை முழுவதும் நான் அம்மாவோடு நிறைக்குப் போய் மங்கு துடைத்தேன், ஒட்டுப்பால் பொறுக்கினேன். என் விரலிலும் அதே கறை பிடித்தது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு

காலம் ஓடியது. ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. லயங்கள் காலியாகின. 1994-ல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்ததும், சிலிம் ரிவர் வழியாகப் போன வாகனங்கள் ஊரைத் தொடாமலே பறந்தன. ஐந்தாம் படிவத்து நண்பர்கள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சிதறினார்கள்.

2014-ல் முப்பதாம் ஆண்டு சந்திப்புக்கு ஏற்பாடு நடந்தது. ஐந்தாம் படிவத்துப் பெயர்ப் பட்டியலை வைத்து அழைப்புத் தயாரித்தார்கள். நான் அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் விரித்தேன். "இவன் நம் வகுப்பில் இல்லையே?" என்றார் ஒருவர். கீழே எழுதியிருந்ததைப் படித்ததும் யாரும் பேசவில்லை. தோட்டத்திலிருந்து வந்த நாங்கள் மட்டும் அன்று வேறொரு பட்டியல் எழுதினோம், ஆறாம் வகுப்பிலிருந்து. பத்தொன்பது பேரில் பதினான்கு பேரைக் கண்டுபிடித்தோம். மூவர் காலமாகிவிட்டனர். இருவர் எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை.

அவன் வந்தான். தலை நரைத்திருந்தது. லோரி ஓட்டுகிறான். தன் மூன்று பிள்ளைகளையும் ஐந்தாம் படிவம் முடிக்க வைத்திருக்கிறான். சட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் துவைக்கலையா?" என்று கேட்டான். சிரிப்பில் தொடங்கிய பேச்சு அது. முடியும்போது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

விடைபெறும் பிள்ளைகளுக்கு

மாணவமணிகளே! சிலிம் இடைநிலைப்பள்ளியானாலும் டத்தோ சுல்கிப்லி முகமது இடைநிலைப்பள்ளியானாலும், நாட்டின் எந்த மூலையில் நீங்கள் ஐந்தாம் படிவம் முடித்தாலும், கேலி செய்யுங்கள், சிரியுங்கள். அந்த வயது திரும்ப வராது. ஆனால் நல்ல சட்டையைத் தம்பிக்கோ, தேவைப்படும் இன்னொரு பிள்ளைக்கோ கொடுங்கள்; எழுத ஒரு புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் வரும் வாழ்த்து அடுத்த தொலைபேசி வாங்கும்போது காணாமல் போய்விடும். காகிதத்தில் எழுதியது முப்பது வருடம் இருக்கும்.

விடைபெற்றதும் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். எங்கள் காலத்தில் எட்டாத தூரத்தில் இருந்த மேற்படிப்பு இன்று பக்கத்திலேயே இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் 1922-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது, 1997-ல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்துவிட்டது. பேராங்கில் சுல்தான் அஸ்லான் ஷா பாலிடெக்னிக் இருக்கிறது. விண்ணப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள்.

பெற்றோர்களே, நம் நாட்டில் தொடக்கக் கல்வி 2003-ல் கட்டாயமானது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2025-ல் மக்களவையில் நிறைவேறியது. சட்டம் கதவைத் திறக்கும். பிள்ளையை வாசல் தாண்டி அனுப்புவது வீட்டில் இருப்பவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஆட்டோகிராப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு வையுங்கள். உங்களோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து, நடுவழியில் இறங்கிய ஒரு நண்பன் எங்காவது கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்துகொண்டிருப்பான். அவனைத் தேடிப் போய்ப் பேனாவைக் கொடுங்கள். கை அழுக்காக இருக்கிறது என்று தயங்குவான். பரவாயில்லை, எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் எதிர்காலம் ஒளிபெற வாழ்த்துகிறேன்!